கணிப்பொறி மொழிகளின் வரலாறும் நம் கடமையும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் கணிப்பொறியைப் பற்றியும் அதனை இயக்கும் மொழிகளைப் பற்றியும் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தறிவிப்பதையே தொண்டாகக் கொண்ட சங்கம் இது. 1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கிய காலத்தில், "இவர்களுக்கு எழுத்து எதற்கு?" என்று கேட்டவர்கள் இருந்தனர். இன்று அவ்வாறு வாய்திறந்து கேட்பார் குறைவு. ஆயினும் வேறொரு வகை எழுத்து உலகை ஆளத் தொடங்கிவிட்டது. அதனை நாம் கற்றோமா என்பதே இன்றைய கேள்வி.

ஒரே எந்திரம், இருவர்

தொலைவில் உள்ளதைப் பேசுமுன் அருகில் உள்ளதைப் பார்ப்போம். ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் உருவாயிற்று. இவற்றைச் சுற்றி எழுந்த லேத்துப் பட்டறைகளில் நம் தந்தையர் பலர் கைச்சக்கரத்தைச் சுற்றி இரும்பைக் கடைந்தனர். இன்று அப்பட்டறைகளில் சி.என்.சி. எந்திரங்கள் நிற்கின்றன. சக்கரத்தைச் சுற்றும் கை அங்கே இல்லை. எந்திரத்துக்குள் இருக்கும் சிறு கணிப்பொறி, எழுதி வைத்த கட்டளைகளை வரிவரியாகப் படித்து இரும்பைச் செதுக்குகிறது.

அந்த எந்திரத்தின் அருகில் இருவர் நிற்கக் காணலாம். ஒருவர் ஜாப் எனப்படும் இரும்புத் துண்டைப் பொருத்திக் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்துகிறார். முடிந்ததும் எடுத்து அடுத்ததை வைக்கிறார். எட்டு மணி நேரமும் அதுவே பணி. மற்றொருவர் வரைபடத்தைப் பார்த்துக் கட்டளைகளை எழுதுகிறார். ஜி 00 என்றால் வெட்டாமல் விரைந்து செல்க. ஜி 01 என்றால் நேர்க்கோட்டில் வெட்டிச் செல்க. எம் 03 என்றால் சுழல்தண்டை வலஞ்சுழியாக இயக்குக. எம் 30 என்றால் வேலை முடிந்தது. முதலாமவரைவிட இரண்டாமவருக்குக் கூலி மிகுதி, மதிப்பும் மிகுதி. வேலை குறையும் காலத்தில் முதலில் வெளியேற்றப்படுபவர் பொத்தானை அழுத்துபவரே.

நாம் அறிந்த வரையில் நம் இளைஞர் மிகப் பலர் முதலாமவராகவே நிற்கின்றனர். உடல் வலிவிலோ அறிவிலோ குறையுண்டா? இல்லை. இடையில் நிற்பது ஒரு மொழி. அம்மொழி எங்கிருந்து வந்தது, யாரெல்லாம் அதனைக் காவல் காத்தனர், யாரெல்லாம் உள்ளே புகுந்தனர் என்பதை அறிந்தால் நாமும் புகும் வழி தெரியும்.

புள்ளியும் துளையும்

கணிப்பொறி பேசும் அடிப்படை மொழி இரண்டே நிலைகளால் ஆனது. மின்சாரம் உண்டு, இல்லை, 1, 0. இதை விளங்கிக்கொள்ள நம் பூவிருந்தவல்லியிலேயே சான்று உண்டு. அங்குள்ள பார்வையற்றோர் அரசுப் பள்ளியில் பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிகளுக்கான இடம். ஒவ்வோர் இடத்திலும் புள்ளி எழும்பியிருக்கும், அல்லது எழும்பாதிருக்கும். இந்த இரண்டு நிலைகளை ஆறு இடங்களில் மாற்றி அமைத்தால் 64 வடிவங்கள் கிடைக்கின்றன. அவற்றைக்கொண்டு எந்நூலையும் எழுதிவிடலாம். கணிப்பொறியின் நினைவகத்தில் நடைபெறுவதும் இதுவே. ஆங்கே இடங்கள் கோடி கோடியாக உள்ளன, அவ்வளவே வேறுபாடு.

பூவிருந்தவல்லியிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் காஞ்சிபுரம். அங்கே பட்டுத் தறிகளின் மேல் துளையிட்ட அட்டைகள் மாலைபோல் தொங்குகின்றன. துளை உள்ள இடத்தில் ஊசி புகும்; அதற்குரிய பாவு நூல் உயரும். துளை இல்லாத இடத்தில் நூல் உயராது. அட்டையை மாற்றினால் சேலையின் பூவேலை மாறிவிடும். இவ்வமைப்பைப் பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் 1804இல் செம்மைப்படுத்தினார். நெசவு செய்யும் கையிலிருந்து கட்டளையைப் பிரித்து அட்டையில் எழுதி வைக்கலாம் என்பதை அது உலகுக்குக் காட்டியது.

அந்த அட்டையைக் கண்டே இங்கிலாந்தின் சார்லசு பாபேஜ், 1830களில் எண்களை நெய்யும் பொறி ஒன்றைத் திட்டமிட்டார். அப்பொறி முழுமையாகக் கட்டப்படவில்லை. ஆயினும் அதற்குரிய கணக்கு வழிமுறையை அடா லவ்லேசு என்னும் அம்மையார் 1843இல் எழுதி வெளியிட்டார். அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளைக்கொண்டு 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எண்ணி முடித்தார். அவர் தொடங்கிய தொழிலே பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஒரு வேராயிற்று. அம்பத்தூரில் இன்று இரும்பைச் செதுக்கும் எந்திரத்தின் முன்னோடியும் 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துளையிட்ட காகித நாடாவைக்கொண்டே இயக்கிக் காட்டப்பட்டது.

மந்திரம் காத்தவர்கள்

'கம்ப்யூட்டர்' என்பது நெடுங்காலம் மனிதர்க்குரிய பதவிப் பெயராக இருந்தது. நம் பரங்கிமலையில் 1802இல் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவையில் வங்காளத்து ராதாநாத் சிக்தார் 1831இல் அப்பதவியில்தான் சேர்ந்தார். எவரெஸ்டு சிகரத்தின் உயரத்தை அவர் கணக்கிட்டார். சிகரத்துக்கோ வெள்ளையதிகாரி ஒருவரின் பெயர் இடப்பட்டது.

1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி உலகுக்கு அறிமுகமாயிற்று. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அப்பொறிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அக்காலத்தில் நிரல்மொழி ஏதும் இல்லை. கம்பிகளைப் பிடுங்கிச் செருகியும் திருகிகளைத் திருப்பியும் கணக்கைப் பொறிக்கு உணர்த்தினர். அறிமுக விழாவில் அவர்களுக்கு உரிய மதிப்பு வழங்கப்படவில்லை. பல்லாண்டுகள் கழித்தே உலகம் அவர்கள் பெயரைத் தேடிப் பிடித்தது.

அதன்பின் கட்டளைகளை நினைவகத்திலேயே எழுதி வைக்கும் பொறிகள் வந்தன. ஆனால் எழுதும் மொழி வெறும் எண்களே. எந்த எண் எந்தச் செயல், எந்த எண் எந்த இடம் என்று மனத்தில் இருத்தியவரே நிரல் எழுத முடியும். அவ்வாறு எழுதியோர் சிறு கூட்டம். ஜான் பேக்கசு என்னும் அறிஞர் பிற்காலத்தில் 1950களை நினைவுகூர்ந்தபோது, தம் காலத்து நிரலாளர்கள் தம்மைப் பூசாரிக் கூட்டமாகவே கருதினர் என்றும், எளிய மாந்தர்க்கு எட்டாத மறைபொருளைத் தாமே காப்பதாக எண்ணினர் என்றும் எழுதினார். மறைபொருளைக் காப்போர் எப்படிப்பட்டவர் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த மறையை உடைத்தவர்களுள் முதல் வரிசையில் நின்றவர் கிரேசு ஹாப்பர் என்னும் அம்மையார். எழுதும் மொழியைப் பொறியின் எண்மொழிக்குப் பொறியே பெயர்த்துக்கொள்ளட்டும் என்று 1952இல் ஒரு மொழிபெயர்ப்பு நிரலை ஆக்கினார். பொறி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று கூறி அவரை நம்ப மறுத்தனர். ஜான் பேக்கசு தலைமையிலான குழு 1957இல் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. "அ, ஆ இரண்டையும் கூட்டி இ என்னும் இடத்தில் வை" என்பதற்கு அதுவரை பல வரி எண்கள் எழுத வேண்டியிருந்தது. ஃபோர்ட்ரானில் "இ = அ + ஆ" என்னும் பள்ளிக் கணக்கு முறையே போதுமானதாயிற்று. பொறி ஆக்கும் நிரல் கைத்திறனுக்கு ஈடாகாது என்று பூசாரிகள் ஐயுற்றனர். ஈடாயிற்று, அவர்கள் வாயடைத்தது. 1959இல் வணிகக் கணக்கிற்கென ஆங்கிலச் சொற்றொடர் வடிவில் கோபோல் என்னும் மொழி வகுக்கப்பட்டது. 1964இல் டார்ட்மவுத் கல்லூரியின் கெமனி, கர்ட்சு என்னும் இருவர், கணிதம் பயிலாத மாணவரும் கற்பதற்கென்றே பேசிக் மொழியை உருவாக்கினர். 1970களின் தொடக்கத்தில் டென்னிசு ரிட்சி சி மொழியை ஆக்கினார். 1991இல் கைடோ வான் ராசம் பைத்தான் மொழியை வெளியிட்டார்.

எண்ணிலிருந்து குறிக்கும், குறியிலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து எளிய தொடருக்குமாக மொழி படிப்படியாகக் கீழிறங்கி எளியோரை நோக்கி வந்துள்ளது. தானாக இறங்கவில்லை, ஒவ்வொரு படியிலும் யாரேனும் இழுத்து இறக்கினர். இன்னொன்றும் கூறுவோம். ஜான் பேக்கசு கணிதம் பயின்றதும், ஹாலரித் பட்டம் பெற்றதும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். 1913 முதல் 1916 வரை நம் அண்ணல் அம்பேத்கர் பயின்றதும் அதே கொலம்பியாவில்தான்.

தனி மேசையில் அமர்த்தப்பட்டவர்

இனி, இவ்வுரையில் வேறெதை மறந்தாலும் இளைஞர்கள் மறக்கலாகாத ஒருவரைப் பற்றிக் கூறுவோம். அவர் பெயர் டோரத்தி வான். அமெரிக்கக் கறுப்பின மாது, பள்ளி ஆசிரியை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943இல், வர்ஜீனியாவின் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் கணக்கிடும் பணியில் சேர்ந்தார். அங்கே கறுப்பினப் பெண்களுக்குத் தனிக் கட்டடப் பகுதி, தனிக் கழிப்பறை, உணவுக் கூடத்தில் தனி மேசை. அம்மேசையின் மேல் அவர்கள் நிறத்தைக் குறிக்கும் அட்டை வைக்கப்பட்டிருந்தது. மிரியம் மான் என்னும் தோழியர் அந்த அட்டையை எடுத்து மறைத்துவிடுவார், மீண்டும் புது அட்டை வரும், மீண்டும் எடுப்பார். தேநீர்க் கடையில் தனிக் குவளையைக் கண்ட நம் மூத்தோர்க்கு இது புதிய செய்தியன்று.

டோரத்தி வான் 1949இல் அப்பிரிவின் தலைவரானார். சில ஆண்டுகளில் ஆய்வுக்கூடத்துக்குக் கணிப்பொறி வந்தது. கையால் கணக்கிடுவோரின் பணி முடியப்போகிறது என்பதை அவர் உணர்ந்தார். பொறியை வெறுத்து ஒதுங்கியிருக்கலாம். பிழைப்புப் போயிற்றே என்று புலம்பியிருக்கலாம். அவர் ஃபோர்ட்ரான் கற்றார். தாம் மட்டும் கற்று மேலேறிக்கொள்ளவில்லை. தம் உடன் பணியாற்றிய பெண்களுக்கும் கற்பித்தார். 1958இல் நாசா உருவானபோது அந்தத் தனிப் பிரிவு ஒழிக்கப்பட்டது. வானும் அவர் தோழியர் பலரும் புதிய கணிப்பொறிப் பிரிவுக்குச் சென்றனர்.

நம் நாட்டில் நடந்தது

இந்தியாவுக்கு முதல் மின்னணுக் கணிப்பொறி 1955-56இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. நம்மவரே ஒன்றைக் கட்ட முடியும் என்று பம்பாயின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் மெய்ப்பித்த குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். டிஃப்ராக் என்னும் அப்பொறி 1960இல் இயங்கத் தொடங்கியது. அதன் நினைவகம் 2,048 சொற்களே. இன்று உங்கள் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி அதைவிடப் பன்மடங்கு பெரியது.

1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தது. அங்கே ஃபோர்ட்ரான் கற்பித்தவர்களுள் ஈரோட்டில் பிறந்த வி. இராஜாராமன் முதன்மையானவர். அயல்நாட்டு நூல்கள் மாணவரின் கைக்கெட்டாத விலையில் இருந்தமையால், அவர் தாமே நிரலாக்கப் பாடநூல் எழுதி, மாணவர் வாங்கத்தக்க விலையில் 1969இல் வெளிவரச் செய்தார். அந்நூல் வழியாகவும் பின்வந்த அவர் நூல்கள் வழியாகவும் நாடெங்கும் பல்லாயிரவர் கணிப்பொறியை முதன்முதலாக அறிந்தனர். அவருள் பலர் படித்த காலத்தில் கணிப்பொறியைக் கண்ணால் கண்டதும் இல்லை. மலிவு விலை நூலும் ஒரு வகைக் கதவுதான்.

1960களின் பிற்பகுதியில் இந்திய இரயில்வே தன் மண்டலத் தலைமையகங்களிலும் உற்பத்திச் சாலைகளிலும் ஐ.பி.எம். 1401 கணிப்பொறிகளை நிறுவியது. நம் பகுதிக்கு அண்மையில் உள்ள பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையும் அவற்றுள் ஒன்று. ஊதியப் பட்டியலும் பண்டகக் கணக்கும் துளையட்டைகளுக்கு மாறின.

1973ஆம் ஆண்டை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 என்னும் பெருங்கணிப்பொறி நிறுவப்பட்டது. 80 நெடுவரிசைகள் கொண்ட அட்டைகளில் நிரலைத் துளையிட்டு, கட்டாகக் கட்டிச் சாளரத்தில் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை காத்திருப்பது அக்கால முறை. ஒரு காற்புள்ளி தவறினாலும் கட்டு திரும்பி வரும். அதே 1973இல்தான் ஐ.ஐ.டி.களின் மாணவர் சேர்க்கையில் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் இட ஒதுக்கீடு தொடங்கிற்று. ஐ.ஐ.டி.கள் தோன்றிப் பல ஆண்டுகள் கழித்தே அக்கதவு நமக்குத் திறந்தது. திறந்த ஆண்டில் கிண்டி வளாகத்தில் கணிப்பொறியும் இருந்தது. கதவு திறந்தது என்பதற்காக உள்ளே இருந்தோர் இன்முகத்துடன் வரவேற்றனர் என்று பொருளன்று. "தகுதி" என்னும் சொல்லைப் புது வேலியாக நட்டனர். அவ்வேலியைத் தாண்டிச் சென்று பட்டம் பெற்ற நம் முன்னோடிகள் ஒவ்வொருவரும் போற்றுதற்குரியர்.

1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. உள்நாட்டு நிறுவனங்கள் சிறு கணிப்பொறிகளைச் செய்தன. 1991க்குப் பின் மென்பொருள் தொழில் பெருகிற்று. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் இரும்பு ஓசை கேட்ட இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. அக்கட்டடங்களைக் கட்டியவர்களுள் நம்மவர் உண்டு. வாயிலில் காவல் நிற்பவர்களுள், தரையைத் துடைப்பவர்களுள், பணியாளரை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டுநருள் நம்மவர் உண்டு. எத்தொழிலும் இழிவன்று. ஆனால் உள்ளே அமர்ந்து எழுதுவோருள் நம்மவர் எத்தனை பேர் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம் குறையும் உண்டு

பிறரைக் குறை கூறுவதோடு நின்றால் பயனில்லை. கணிப்பொறி கற்பிக்கிறோம் என்று பலகை தொங்கவிட்ட நிலையங்களில் நம் பெற்றோர் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினர். பல இடங்களில் தட்டச்சும் படம் வரைதலும் மட்டுமே கற்பித்துச் சான்றிதழ் நீட்டினர். "நிரல் எழுதக் கற்றாயா?" என்று நாமும் கேட்கவில்லை. 2011 முதல் தமிழக அரசு மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கியது. நம் வீடுகளுக்கும் அது வந்தது. திரைப்படம் பார்க்க உதவியது. சில வீடுகளில் விற்கவும் பட்டது. அதில் ஒரு நிரலேனும் எழுதியோர் எத்தனை பேர்?

"ஆங்கிலம் வராதே" என்பார் சிலர். ஆங்கிலம் வேண்டும், அதனைக் கற்பது நம் கடமை. ஆனால் நிரல்மொழிக்கு அது பெருந்தடையன்று. சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரத்தில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 32 மட்டுமே. திருக்குறளின் ஓர் அதிகாரத்தில் 70 சீர்கள் உள்ளன. அதிகாரம் அதிகாரமாக மனனம் செய்யும் பிள்ளைக்கு 32 சொற்கள் எம்மாத்திரம்? முத்தையா அண்ணாமலை என்பார் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதுவதற்கு 'எழில்' என்னும் மொழியை ஆக்கி இலவசமாக வழங்கியுள்ளார். பைத்தானும் லினக்சும் விலையின்றிக் கிடைக்கின்றன. நிரல்மொழி எக்குலத்தாருக்கும் தாய்மொழியன்று. பிறந்த வீட்டிலேயே அதனைப் பேசக் கேட்டு வளர்ந்தவர் எவரும் இலர். எல்லோரும் முதல் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

எனினும் கணிப்பொறி வந்துவிட்டால் சாதி போய்விடும் என்று மயங்க வேண்டாம். மென்பொருளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் சியாட்டில் மாநகர மன்றம், 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. கடல் கடந்தும் சாதி பயணம் செய்கிறது. பொறிக்குச் சாதியில்லை, பொறிக்குக் கட்டளை எழுதும் கைக்கு உண்டு. யாருக்குக் கடன், யாருக்கு வேலை என்பதை வடிகட்டும் நிரல்கள் இன்று எழுதப்படுகின்றன. அவற்றை எழுதும் இடத்தில் நாம் இல்லையேல், நம்மைப் பற்றிய முடிவை நம்மை அறியாதவர் எழுதுவர்.

நாம் சொல்வதைக் கேட்டுத் தானே நிரல் எழுதும் செயற்கை அறிவுப் பொறிகள் 2022இன் இறுதியிலிருந்து எல்லோர் கைக்கும் வந்துள்ளன. தமிழில் கேட்டாலும் எழுதுகின்றன. "இனி நிரல் கற்பானேன்?" என்று சிலர் வினவுகின்றனர். பொறி எழுதியது சரியா தவறா என்று படித்துச் சொல்லத் தெரிந்தவரே அதனை ஆள்வார். தெரியாதவர் மீண்டும் பொத்தானை அழுத்துபவராகவே நிற்பார்.

நாம் செய்ய வேண்டுவன

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, நம் மாலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முதல் வாரம் ஒருநாள் நிரல் எழுதும் பயிற்சி நடைபெற வேண்டும். பழைய மடிக்கணிப்பொறிகள் பத்து இருந்தாலும் தொடங்கிவிடலாம். இரண்டாவது, பட்டறைகளில் சி.என்.சி. எந்திரத்தில் பணிபுரியும் நம் இளைஞர்க்கு, அங்கே நிரல் எழுதும் நம்மவரைக்கொண்டே ஞாயிறுதோறும் வகுப்பு நடத்த வேண்டும். பொத்தானிலிருந்து கட்டளைக்கு மாற ஆறு மாத உழைப்புப் போதும். மூன்றாவது, மென்பொருள் துறையில் இடம்பெற்ற நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இருவர்க்கேனும் கற்பிக்க வேண்டும். இதனை நன்கொடையினும் மேலாக மதிப்போம்.

டோரத்தி வான் தனி மேசையில் அமர்த்தப்பட்டார். அம்மேசையிலேயே புத்தகத்தை விரித்தார். அருகில் இருந்தவரையும் படிக்கச் செய்தார். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் பணியும் அதுவே. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அப்பணி இந்தப் புதிய எழுத்துக்கும் விரியட்டும். பொன்விழாவின்போது இத்தலைப்பில் பேச வருபவர், இன்று இங்கே முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் ஒருவராக இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.